நாலாம் மாத வளைகாப்பு

மார்ச் 5, வியாழன். இன்று ஒரு சின்னத் தவறு. யாரும் கேட்காத விவரத்தைத் திருத்திச் சொன்னேன். "நாலாம் மாசத்துல வளைகாப்பு செய்ய மாட்டாங்க மேடம்" என்றேன். மேடம் எத்தனையாவது மாதம் என்று கேட்கவே இல்லை. சின்னத் தவறு என்று எழுதியது சரிதானா என்று தெரியவில்லை. நாளை முதல் வேலையாக மாரிசெல்வியிடம் சொல்லிவிட வேண்டும்.

டைரியில் இப்படி எழுதிய சசிரேகாவுக்கு எதுவும் முறைப்படி இருக்க வேண்டும். ஒரகடத்தில் கார்களுக்கு எலக்ட்ரானிக் போர்டு செய்யும் கம்பெனியில் டைம் ஆபீஸில் வருகைப் பதிவு வேலை பார்த்தாள். உட்காருவது கம்பெனியின் நாற்காலியில். ஆனால் அவள் லேபர் கான்ட்ராக்டர் ரகுபதியின் ஆள். சாயங்காலம் குன்றத்தூரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் தொழிலாளர் சட்ட டிப்ளமோ வகுப்பு. அங்கே கேள்வி கேட்டால் முதலில் கை தூக்குபவள் அவள்தான். பதில் சொன்ன பிறகு, சொன்னது சரிதானா என்று பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை மனதுக்குள் அரைத்துக்கொண்டிருப்பவளும் அவள்தான்.

வியாழக்கிழமை நடந்தது இது. ஹெச்.ஆர். மேனேஜர் பூஜா மேடம் டைம் ஆபீஸுக்கே வந்து நின்றார். மகளிர் தினம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. சனிக்கிழமையே கொண்டாடிவிட வேண்டும். போன வருடம் ரோஜாப்பூவும் காபி கப்பும் கொடுத்தாயிற்று. இந்த வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து 'தாய்மையைப் போற்றுவோம்' என்று உத்தரவு. தாய்மையைப் போற்ற ஆகக்கூடிய எல்லாம் வந்து இறங்கிவிட்டன. பேனர் வந்துவிட்டது. பாரிஸ் கார்னரிலிருந்து பெட்டி பெட்டியாகக் கண்ணாடி வளையல் வந்துவிட்டது. சந்தனம், குங்குமம், போட்டோகிராபர், எல்லாம் தயார். குறை ஒன்றே ஒன்றுதான்: அத்தனை பெண்கள் வேலை செய்யும் கம்பெனியில் கர்ப்பிணி என்று ஒருத்திகூட இல்லை.

எப்படி இருப்பாள்? ரகுபதி ஆள் எடுக்கும் அழகு அந்த வட்டாரத்துக்கே தெரியும். சர்டிபிகேட்டை அப்புறம் பார்ப்பான். முதலில் காலைப் பார்ப்பான். இரண்டாம் விரலில் மெட்டி இருந்தால், "ஆள் எடுத்து முடிஞ்சிடுச்சிம்மா." மெட்டியைக் கழற்றிவிட்டு வந்தவளாக இருந்தால் விரலில் வெளுப்பாக ஒரு வளையம் தெரியும், அதையும் குனிந்து பார்ப்பான். அதனால் தெற்கிலிருந்து வரும் பெண்கள் ஒரு மாதம் முன்பே மெட்டியைக் கழற்றி, வெறுங்காலோடு வெயிலில் நடந்து, விரலைக் கறுக்கவிட்டு வருவார்கள். அதற்கு மேல் உள்ளே வந்து உண்டானால், வயிறு தெரிவதற்குள் 'சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்' என்று ஒரு காகிதம் வந்துவிடும். டைப் செய்வது டைம் ஆபீஸ். இப்படி ஒருத்தி விடாமல் வழித்துத் துடைத்து அனுப்பிவிட்டு, போட்டோவுக்கு ஒரு வயிறு கிடைக்கவில்லையே என்று கம்பெனி கவலைப்பட்டது.

"ஒரே ஒருத்தர் கூடவா இல்ல சசி? எத்தனாவது மாசமா இருந்தா என்ன, எனக்கு ஒரு ஆள் வேணும்."

அப்போதுதான் சசிரேகாவின் முறை தவறாத நாக்கு அந்த 'நாலாம் மாச' வாக்கியத்தைச் சொல்லிவிட்டது.

பூஜா மேடம் தலையைச் சாய்த்தார். "யாருக்கு நாலாம் மாசம்?"

பொய் சொல்வதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். சசிரேகா "யாருக்கும் இல்ல மேடம்" என்று சொன்னபோது அவள் கண் கண்ணாடிக்கு அப்பால் மூன்றாம் லைனுக்குப் போய்வந்தது. அங்கே சோல்டரிங் புகைக்கு நடுவில் நின்றபடி மாரிசெல்வி வேலை செய்துகொண்டிருந்தாள். மேடத்தின் கண்ணும் பின்னாலேயே போய் அவள் மேல் நின்றது.

மறுநாள் காலை சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் மாரிசெல்வியைப் பிடித்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். புருஷன் இசக்கிதுரை வேறொரு கம்பெனியில் லோடு ஏற்றுபவன். இருவரும் டீக்கடைக்குப் பின்னால் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்கள். சசிரேகாதான் அவளை முன்பு ஒரு நாள் டாய்லெட்டில் வாந்தி எடுக்கக் கண்டு, யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள்.

"நான்தான் உளறிட்டேன் மாரி. மேடத்துக்குத் தெரிஞ்சிடுச்சி. நாளைக்கு உனக்கு வளைகாப்பாம்."

மாரிசெல்வி டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள். அப்புறம் சிரித்தாள். "நாலாம் மாசத்துலயா? எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா மயங்கி விழுந்துருவாவ."

"சிரிக்காத. போட்டோ எடுத்து முடிச்ச உடனே ரகுபதி பேப்பரோட வருவான். நான் ஒண்ணு யோசிச்சேன். நாளைக்கு லீவு போட்டுடு."

"லீவு போட்டா மட்டும் விட்டுருவாவளாக்கும்? தெரிஞ்சது தெரிஞ்சதுதானக்கா." அவள் கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள். "போன தடவ மறைமலைநகர் கம்பெனில நின்னுக்கிட்டே வேல பாத்தேன். மூணாம் மாசத்துலயே கலைஞ்சிட்டு. இந்தத் தடவ உக்காந்து பாக்கணும்க்கா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், ஒரு சேர். வேலையும் போகப்பிடாது. வீட்டுல இவுக சம்பளத்துல வாடக போயிரும், வண்டித் தவணை போயிரும், சாப்பாட்டுக்கு என் சம்பளம்தான்."

சசிரேகா சொல்ல வேண்டியதை ஒழுங்காகச் சொன்னாள். முந்தின இரவு பாடப் புத்தகத்தில் பார்த்ததுதான். "சேர் கேக்கறதுக்குச் சட்டத்துல நேரம் குறிச்சி வெச்சிருக்காங்க, அது பிரசவத்துக்குக் கிட்டத்துல. உனக்கு இன்னும் வரல. ஆனா புள்ள உண்டான காரணத்துக்காக உன்னை வெளிய தள்ளினா, அது அவங்க தப்பு. கான்ட்ராக்ட் ஆளா இருந்தாலும் அப்படித்தான். பேறுகாலச் சம்பளமும் போகாது. நான் புரிஞ்சிகிட்டது சரிதான்னு நினைக்கறேன்."

"நினைக்கியளா, தெரியுமா?"

"தெரியும்." சொல்லிவிட்டு, "பெரும்பாலும் தெரியும்" என்றாள்.

மாரிசெல்வி கம்பெனி பஸ் வருகிறதா என்று பார்த்தபடி கேட்டாள்: "வளையல் கண்ணாடியா, பிளாஸ்டிக்காக்கா?"

"கண்ணாடி. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

சனிக்கிழமை ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது லைனை நிறுத்தி எல்லாரையும் கான்டீனுக்கு ஓட்டினார்கள். எலுமிச்சை சாதமும் தயிர்சாதமும் பேப்பர் தட்டில் இருந்தன. மாரிசெல்வியைச் சேலை கட்டவைத்து அலங்கார நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கம்பெனி வாசலை மிதித்த நாள் முதல் வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்தது அன்றுதான்.

பிளான்ட் ஹெட் நரசிம்மன் சார் மைக்கைப் பிடித்தார். "எங்கள் கம்பெனி பெண்களைத் தொழிலாளியாகப் பார்ப்பதில்லை. தாயாகப் பார்க்கிறது." அது உண்மைதான். தொழிலாளியாகப் பார்த்திருந்தால் நிரந்தரமாக்கியிருக்க வேண்டும். அப்புறம் அவர் தட்டிலிருந்து ஒரு வளையலை எடுத்துக்கொண்டு நேராக மாரிசெல்வியின் கையைப் பிடிக்கப் போனார். கான்டீன் முழுக்க ஒரு 'ஐயோ' எழுந்து அடங்கியது. புருஷனையும் வளையல்காரரையும் தவிர வேறு ஆண்பிள்ளை ஒரு பெண்ணுக்கு வளையல் போட்டு அங்கே யாரும் பார்த்ததில்லை. மாரிசெல்வி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"சார் சும்மா பக்கத்துல பிடிச்சா போதும், போட்டோவுக்கு!" என்று பூஜா மேடம் கத்தினார். சார், ரிப்பன் வெட்டுகிறவர் மாதிரி வளையலைக் காற்றில் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரித்தார். போட்டோகிராபர் "இன்னொரு வாட்டி சார்" என்றான். சார் இன்னொரு வாட்டி சிரித்தார்.

அதற்கப்புறம் பெண்கள் வந்தார்கள். கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கும் சரோஜாக்கா முதலில் சந்தனம் பூசி நாலு வளையல் போட்டாள். "நாலாம் மாசமோ அஞ்சாம் மாசமோ, மனசார போடுறோம், நல்லா பெத்துப் பொழை" என்றாள். லைன் பெண்கள் வரிசையாக வந்தார்கள். முழங்கை வரை கண்ணாடி நிறைந்துவிட்டது. மாரிசெல்வி அசையும்போதெல்லாம் சத்தம் வந்தது. கம்பெனி நடத்திய கூத்தில் அது ஒன்றுதான் நிஜம்.

கடைசியில் பூஜா மேடம் ஒரு அறிவிப்புச் செய்தார்: விழாவுக்காகப் போன நேரத்தை மூன்றாம் லைன் ஞாயிற்றுக்கிழமை வந்து ஈடுகட்ட வேண்டும். மகளிர் தினத்தைக் கொண்டாடிய கடனுக்கு மகளிர் தினத்தன்று வேலை. பிள்ளையைக் கிள்ளித் தொட்டிலை ஆட்டுகிறவர்களைப் பார்த்திருக்கலாம். ஆட்டிய கூலியைப் பிள்ளையிடமே கேட்கிறவர்களை இங்கேதான் பார்க்கலாம்.

ஞாயிறு காலை கேட்டில் சரோஜாக்கா மாரிசெல்வியை நிறுத்தினாள். பின்னால் நின்ற சசிரேகாவுக்கு அப்போதுதான் 'கண்ணாடியா, பிளாஸ்டிக்கா' என்ற டீக்கடைக் கேள்வி புரிந்தது. மோதிரம், மெட்டி, ஹேர்பின், வளையல் எதுவும் லைனுக்குள் போகக் கூடாது. கேட்டிலேயே பெரிய போர்டு.

"இன்னா மாரி இது? கையில வளையலோட வந்து நிக்கிற. உள்ள வுட முடியாதே."

"நேத்து நீங்களும் நாலு போட்டியளேக்கா."

"போட்டேன். நேத்து கான்டீன், இன்னிக்கு கேட்டு."

"அப்பம் நீங்களே கழட்டி வுடுங்க." மாரிசெல்வி இரண்டு கையையும் நீட்டினாள்.

சரோஜாக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிளாஸ்டிக்காக இருந்தால் பரவாயில்லை, வளைகாப்புக் கண்ணாடி வளையலைப் பேறுகாலம் வரை கழற்றக் கூடாது. கழற்றினால் கழற்றினவள் கைக்குத்தான் பழி. "நான் மூணு பெத்தவடி. எனக்கு எதுக்கு இந்தப் பாவம்? இரு, ரகுபதிய கூப்புடுறேன்."

ரகுபதி வெள்ளைக் காரில் வந்து இறங்கினான். அப்பா விற்ற நிலத்தின் மேல்தான் கம்பெனி நிற்கிறது என்பதால் கேட்டை அவன் தன் வீட்டு வாசல் மாதிரித்தான் பாவிப்பான். "இன்னாம்மா சீன் போட்டுகினு கீற? கயட்டி பையில போட்டுகினு உள்ள போ."

"நீங்க கழட்டுங்கண்ணே."

"நானா?"

"ஆமாண்ணே. நான் கழட்டப்பிடாது. யாரு கழட்டுனாலும் எனக்குச் சம்மதம்."

ரகுபதியின் கார் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. திருஷ்டிக் கயிறு கையில் ஒன்று, காலில் ஒன்று. அவன் அந்த நீட்டிய கைகளைப் பார்த்து, பாம்பைக் கண்டவன்போல் ஒரு எட்டுப் பின்னால் போனான். அத்தனை பெண்களின் பிழைப்பில் கை வைத்தவன், ஒருத்தியின் வளையலில் கை வைக்கத் துணியவில்லை. லைன் பெண்களில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

"நாளைக்கு மேடம் வந்து பாத்துக்கும். அதுவரைக்கும் வெளிய குந்து."

மாரிசெல்வி கேட்டுக்கு வெளியே செக்யூரிட்டி பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார வேண்டும் என்பது ஒருவிதத்தில் நிறைவேறிவிட்டது.

திங்கட்கிழமை பூஜா மேடத்தின் அறையில் சசிரேகா தானாகவே போய் நின்றாள். என்ன சொல்வது என்பதைப் படியேறும்போது மூன்று தடவை மனதுக்குள் ஒப்பித்திருந்தாள். "மேடம், லேபிள் ஒட்டற ரூம் லைனுக்கு வெளிய இருக்கு. அங்க வளையல் தடை இல்ல. உக்காந்து செய்யற வேலை. அங்க ஒரு இடம் காலியா இருக்கு. மாரிசெல்விய அங்க போட்டா எல்லாம் சரியாயிடும்."

பூஜா மேடம் கணினியில் சனிக்கிழமைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமை அலுவலகம் ஏழெட்டுக் கைதட்டல் எமோஜி அனுப்பியிருந்தது. "ஒருத்திக்குச் சேர் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் பிரெக்னன்ட் ஆகிடுவாங்க சசி" என்றார் கண்ணை எடுக்காமல்.

சேருக்காகப் பிள்ளை பெறுகிறவர்கள் உலகத்தில் உண்டா என்று சசிரேகா யோசித்தாள். அவருக்குப் பின்னால் சுவரில் 'தாய்மையைப் போற்றுவோம்' பேனர் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"அந்தப் பொண்ணு சூப்பர்ஸ்டிஷனைப் பிடிச்சிக்கிட்டு டிராமா பண்ணுது. சேஃப்டி ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"வளையல் போட்டது நாம மேடம்."

"அது செலிப்ரேஷன்." அவ்வளவுதான் விளக்கம்.

திங்களைப் போலவே செவ்வாயும் புதனும் மாரிசெல்வி யூனிபார்ம் போட்டுக்கொண்டு ஷிப்ட் நேரத்துக்கு வந்தாள், கேட்டில் நின்றாள், பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே போகிற பெண்கள் ஒவ்வொருத்தியும் நின்று அவள் வளையலைத் தொட்டுப் பேசிவிட்டுப் போனார்கள். அதனால் லைன் தாமதமாக ஆரம்பித்தது. கம்பெனிக்குக் கர்ப்பத்தைவிட அந்தத் தாமதம்தான் வலித்தது.

புதன் மத்தியானம் ரகுபதி டைம் ஆபீஸுக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"மாரிசெல்வி ஞாயித்துக்கெழமையில இருந்து வேலைக்கு வரல. தானா நின்னுட்டா. அப்டியே ஒரு லெட்டர் அடி. நான் கையெழுத்து போட்டு அவ ரூமுக்கு அனுப்பிக்கிறேன்."

சசிரேகாவின் விரல்கள் பழக்கத்தில் கீபோர்டின் மேல் போய் உட்கார்ந்தன. இந்த மாதிரி லெட்டரெல்லாம் அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். இதற்கு முன் எத்தனை பேருக்கு அடித்திருப்பாள்! ஒவ்வொரு தடவையும் தேதியைச் சரிபார்த்திருக்கிறாள், எழுத்துப் பிழை பார்த்திருக்கிறாள். ஒன்றுகூட உண்மையா என்று பார்த்ததில்லை.

"அவ வெளிய பெஞ்சில உக்காந்திருக்காண்ணா."

"அது பெஞ்சு. வேலையா?"

"வேலைக்கு வந்தா. நாமதான் உள்ள வுடல."

"இன்னா, குன்றத்தூர்ல படிக்கிற திமிரா?" ரகுபதி மேசை மேல் கையை ஊன்றினான். "ஒங்கப்பா சுப்பிரமணி எங்கப்பாவாண்ட கைகட்டி நின்ன ஆளு. ஊர்க்காரப் பொண்ணாச்சேன்னு ஏசி ரூம்ல குந்த வெச்சேன். நாளைக்கு ஒனக்கும் கண்ணாலம் ஆவும். அப்ப எவன் வேல குடுப்பான்?"

தான் படித்தது தப்பாக இருந்தால்? வளையல் விஷயத்தில் மாரிசெல்வி மேல்தான் தவறு என்று எந்த அதிகாரியாவது சொல்லிவிட்டால்? பாதுகாப்பு விதி உண்மையான விதிதானே? லேபிள் அறை வேலையைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று அவளால் எங்கேயும் காட்ட முடியாதே? சந்தேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு விஷயத்துக்கு மட்டும் சந்தேகம் வரவில்லை. மாரிசெல்வி வேலைக்கு வந்திருக்கிறாள். அதைத் தினமும் கண்ணால் பார்த்தாள்.

"மத்ததுல நான் தப்பா இருக்கலாம்ணா. அவ வரலன்னு மட்டும் அடிக்க மாட்டேன்."

"அப்ப நீ எழுந்துரு."

எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு படி இறங்கி கேட்டுக்கு வந்தாள். ரகுபதி பின்னாலேயே வந்தான், யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு.

பெஞ்சில் மாரிசெல்வி தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "என்னக்கா, பையோட வாரீய?"

"ரகுபதி அண்ணன் நீ வேலைக்கு வரலன்னு லெட்டர் அடிக்கச் சொன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன்." சசிரேகா குரலைத் தாழ்த்தவில்லை, சரோஜாக்காவுக்கும் கேட்கட்டும் என்று சொன்னாள். "லேபர் ஆபீஸ்ல மனு குடுப்போம். நீ தெனமும் வந்த, உள்ள வுடலன்னு நான் சாட்சி சொல்றேன்."

"ஏக்கா, ஒங்க வேல?"

"போயிடுச்சின்னு நினைக்கறேன்."

"நினைக்கியளா, தெரியுமா?"

சசிரேகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தெரியும்."

ரகுபதி செக்யூரிட்டிப் பக்கம் திரும்பினான். "யக்கா, இவுங்க ரெண்டு பேரையும் ரோட்டுக்கு அனுப்பு. இவ தெனமும் வந்தான்னு யாரும் கேட்டா நீ பாக்கல, புரிதா?"

சரோஜாக்கா தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள். வெயில் கொளுத்தியது. "ஏம்ப்பா, எனக்குக் கண்ணு நல்லாத்தான் கீது" என்றாள். "அவ கைல நாலு வளையலு நான் போட்டது. தெனமும் காலைல அத எண்ணிப் பாத்துகினுதான் இருக்கேன்."

"நீயும் பைய எடுத்துக்கோ அப்ப."

"எங்க ஏஜென்சி வேறப்பா. நீ எனக்கு மொதலாளி இல்ல." சொல்லிவிட்டு அவள் தண்ணீர் பாட்டிலை மாரிசெல்வியிடம் நீட்டினாள்.

ரகுபதி போனை எடுத்துப் பூஜா மேடத்தைக் கூப்பிட்டான். போன் போய்க்கொண்டே இருந்தது; மேடம் எடுக்கவில்லை. படத்தில் இருக்கும் பெண்ணைப் பற்றிப் பேச மேடத்துக்கு நேரம் இல்லை.

அன்று சாயங்காலம் சசிரேகா வகுப்புக்குப் போகவில்லை. மாரிசெல்வியின் அறையில், இசக்கிதுரை மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சோறு வடித்துக்கொண்டிருக்க, மனுவை எழுதினார்கள். சட்டப் பிரிவு எண்களைச் சசிரேகா முதலில் எழுதி, பிறகு அடித்துவிட்டாள். எண் தப்பாகப் போய்விட்டால் அதைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். நடந்ததை மட்டும், நடந்த வரிசைப்படி எழுதினாள். நாற்காலி வேண்டும் என்று மாரிசெல்வி கேட்டதையும் எழுதினாள். "கெடைக்குமாக்கா?" என்று அவள் கேட்டதற்கு, "தெரியல. கேப்போம்" என்றாள்.

மார்ச் 11, புதன். வேலை போய்விட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

நாளை: காலை ஒன்பது மணிக்குச் சுங்குவார்சத்திரம் நிறுத்தத்தில் மாரிசெல்வியைச் சந்திக்க வேண்டும். தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுவைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்க வேண்டும்.